பதினேழாம் எண் நாவலின் குறைகள்

நவம்பர் 3, திங்கள்

நாவல் போட்டிக்கான கைப்பிரதிகள் மதியம் வந்தன. கூரியர்காரர் மூன்று அட்டைப்பெட்டிகளை வாசலில் போட்டுவிட்டுப் போய்விட்டார். அப்படியே தூக்க முடியவில்லை. பெட்டிகளைப் பிரித்து, கட்டுக்கட்டாகக் கொண்டுபோய்க் கூடத்தில் அடுக்கினேன்.

அறக்கட்டளைக்கு நான் நடுவராக இருக்கும் நான்காவது வருடம் இது. விதிகள் மாறவில்லை. கைப்பிரதியில் எழுதியவர் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பெயர்கள் செயலாளர் பொன்னம்பலத்தின் பீரோவில் பூட்டிக் கிடக்கும். நடுவர்கள் மூவரும் தனித்தனியாக நூற்றுக்கு மதிப்பெண் போட்டு, ஒவ்வொரு நாவலின் குறைகளையும் எழுதிக்கொண்டு டிசம்பரில் கூட வேண்டும். நடுவர்களின் உறவினர்கள் கலந்துகொள்ளக் கூடாது. நாளிதழில் முப்பது வருடம் அடுத்தவர் எழுதியதைத் திருத்தி ஓய்வு பெற்றவன் நான். குறை சொல்வதில் செங்குட்டுவன் சாரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்று பொன்னம்பலம் போகிற இடமெல்லாம் சொல்கிறார். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

நானே ரசம் வைத்தேன். உப்பு அதிகம்.

நவம்பர் 5, புதன்

பாதிக்கு மேல் சோழர் காலம். எல்லாவற்றிலும் ஒரு சுரங்கப்பாதை இருக்கிறது. இத்தனை சுரங்கம் தோண்டியிருந்தால் திருச்சியே உள்ளே போயிருக்கும்.

தயிர் இன்றும் உறையவில்லை. ஓசூரில் இருக்கும் மகள் எழிலரசிக்குப் போன் செய்து கேட்டேன்.

"அம்மாகிட்ட குடுக்கட்டுமாப்பா?"

"வேணாம். நீயே கேட்டுச் சொல்லு."

கேட்டுவந்து, பால் வெதுவெதுப்பாக இருக்கும்போது உறை ஊற்ற வேண்டும் என்றாள். இதைச் சொல்ல அம்மா எதற்கு, அவளுக்கே தெரிந்திருக்கலாம்.

மனைவி சுலோசனா மார்ச் மாதம் எழிலின் பிரசவத்துக்காக ஓசூர் போனாள். வழக்கப்படி தலைப்பிரசவத்துக்கு மகள்தான் இங்கே வந்திருக்க வேண்டும். மருத்துவமனை அங்கேதான் வசதி என்று சுலோசனா சொன்னாள். சம்பந்தி வீட்டாரும் ஒன்றும் சொல்லவில்லை. பேரன் பிறந்து ஏழு மாதம் ஆகிறது. சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் ஒரு பெரியமனுஷி இருப்பது நல்லதுதான். ஜூனில் மாப்பிள்ளை காரில் வந்து அவளுடைய தையல் மிஷினை எடுத்துக்கொண்டு போனார். குழந்தைக்குச் சட்டை தைக்கலாம்.

எதிர்வீட்டு அம்மாள் தினமும் "வீட்ல எப்ப வர்றாங்க சார்?" என்று கேட்கிறார். அவருக்குப் பொழுது போகவில்லை.

நவம்பர் 8, சனி

பதினேழாம் எண்ணைத் தொடங்கினேன். தலைப்பு 'இணக்கச் சான்று'. வருங்காலத்துக் காதல் கதை. அரசாங்கம் கொடுமை செய்யும், காதலர்கள் தப்பிப்பார்கள் என்கிற வகை. சலிப்போடுதான் எடுத்தேன், ஆனால் கரு நல்ல கரு.

மழை பொய்த்த பல வருடங்களுக்குப் பிறகு, வீடும் தண்ணீரும் தம்பதிகளுக்கு மட்டும்தான் என்று அரசு சட்டம் போட்டுவிடுகிறது. போலித் திருமணங்கள் பெருகுகின்றன. அதைத் தடுக்க, வருடம் ஒருமுறை திருமண நாளன்று கணவனும் மனைவியும் தனித்தனி அறையில் உட்கார்ந்து, ஒருவரைப் பற்றி ஒருவர் நாற்பது கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். இருவர் மதிப்பெண்ணையும் சேர்த்து எண்பதுக்கு ஐம்பது வந்தால் இணக்கச் சான்று கிடைக்கும். குறைந்தால் திருமணம் ரத்து. வீடு போய்விடும். இருவரும் வேறு வேறு நகரங்களுக்கு அனுப்பப்படுவார்கள்.

இதற்கு ஊரெங்கும் டியூஷன் சென்டர்கள் முளைக்கின்றன. தம்பதிகள் விடியற்காலையில் போய் ஒருவரை ஒருவர் மனப்பாடம் செய்கிறார்கள். நம் ஊர்க்காரர் எழுதியது என்பதற்கு இந்த ஒரு இடமே போதும். வாய்விட்டுச் சிரித்தேன். சொல்லிச் சிரிக்கத்தான் ஆளில்லை.

நவம்பர் 9, ஞாயிறு

குறைகள் (அத்தியாயம் 1 முதல் 3 வரை): அரசாங்கத்துக்கு முகமே இல்லை. தண்ணீர் எங்கிருந்து வருகிறது, யார் திறந்துவிடுகிறார்கள், ஒன்றும் தெரியவில்லை. கதாநாயகி மித்ராவின் கண்களைப் பக்கத்துக்குப் பக்கம் வர்ணிப்பது எரிச்சல். சண்டை போடும்போதுகூட எல்லோரும் மேடையில் பேசுவதுபோல் பேசுகிறார்கள்.

கேஸ் தீர்ந்துவிட்டது. சிலிண்டர் பதிவு செய்யும் எண் அவள் போனில் இருக்கிறது. மெஸ்ஸில் சாப்பிட்டேன்.

நவம்பர் 11, செவ்வாய்

நான்காம் அத்தியாயம். மித்ராவின் கணவன் ஆதன் வருகிறான்.

இவனைப் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத வேண்டும். ஆதன் குடிப்பதில்லை, அடிப்பதில்லை. சாப்பாடு எப்படி என்று கேட்டால் "பரவாயில்லை" என்பான். அதற்குமேல் போனதில்லை. தெருவில் போனால் பத்தடி முன்னால் நடப்பான். மித்ரா அவன் முகத்தைவிட முதுகைத்தான் அதிகம் பார்த்திருக்கிறாள். பிடரியில் இருக்கும் மச்சத்தைப் பற்றிய கேள்விக்கு அவளுக்கு முழு மதிப்பெண். யாராவது கல்யாணப் பத்திரிகை கொடுத்தால், யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பதற்கு முன் எழுத்துப்பிழை பார்ப்பான். மித்ரா திருமணத்துக்கு முன் கவிதை எழுதியவள். இப்போது எழுதுவதில்லை. ஏன் என்று அவன் கேட்டதில்லை.

வருடா வருடம் தேர்வில் மித்ரா நாற்பதுக்கு நாற்பது. ஆதன் பதினொன்று. கூட்டினால் ஐம்பத்தொன்று. அவள் மார்க்கில்தான் அந்தக் குடும்பம் ஓடுகிறது.

இத்துடன் இன்று நிறுத்திக்கொண்டேன்.

நவம்பர் 12, புதன்

நேற்றைய அத்தியாயத்தை மறுபடி படித்தேன்.

பத்திரிகையில் பிழை பார்ப்பது என் தொழில் கொடுத்த பழக்கம். நான் வேகமாக நடக்கிறவன், அது உடல்வாகு. சுலோசனாவின் இரண்டு கதைகள் கல்யாணத்துக்கு முன்பே வார இதழ்களில் வந்திருக்கின்றன. கல்யாணத்துக்குப் பிறகும் ஒன்று எழுதினாள். என்னிடம் கொடுத்தாள், திருத்திக் கொடுத்தேன். திருத்திய பிறகு கதை நன்றாகவே இருந்தது. ஏனோ அவள் அனுப்பவில்லை.

பதினேழாம் எண்ணின் உறை எந்த ஊரிலிருந்து வந்தது என்று பொன்னம்பலத்திடம் கேட்கலாம். கேட்கக் கூடாது. விதி.

நவம்பர் 13, வியாழன்

குறை: ஆதன் ஏன் அப்படி இருக்கிறான் என்பதற்கு ஒரு பத்தி கூட இல்லை. எழுதியவர் அவன் பக்கம் நின்று ஒருமுறையாவது பார்த்திருக்க வேண்டும். வேலை முடிந்து களைத்து வருகிறவன் அவன். "பரவாயில்லை" என்ற சொல்லில் எவ்வளவோ இருக்கலாம். பாத்திரப்படைப்பு ஒருதலைப்பட்சம்.

நவம்பர் 16, ஞாயிறு

மாதிரி வினாத்தாளில் சிலவற்றை நாவலாசிரியர் கொடுத்திருக்கிறார். தரம் பார்ப்பதற்காக, சுலோசனாவை வைத்து எழுதிப் பார்த்தேன்.

உங்கள் துணை தனியாக இருக்கும்போது என்ன சமைப்பார்? தனியாக இருக்கும்போது நடப்பது கூட இருப்பவனுக்கு எப்படித் தெரியும்? அடிப்படையிலேயே தவறான கேள்வி.

அவருடைய நெருங்கிய தோழி யார்? ஒருத்தியைக் கேட்கிறார்களா, பலரையா? தெளிவில்லை.

கோபம் வந்தால் என்ன செய்வார்? சுலோசனாவுக்குக் கோபம் வராது. எங்கள் வீட்டில் சண்டை என்று ஒன்று நடந்ததே இல்லை.

எதை நினைத்துப் பயப்படுவார்? பல்லி. இது உறுதியாகத் தெரியும்.

மொத்தத்தில் வினாத்தாள் சரியாகத் தயாரிக்கப்படவில்லை. இதையும் குறைகளில் சேர்க்க வேண்டும்.

மாலையில் எழில் போன் செய்தாள். அம்மாவின் பிரஷர் மாத்திரை பெயர் என்ன, பழைய சீட்டு திருச்சியிலேயே இருக்கிறதாம், பார்த்துச் சொல்லச் சொன்னாள்.

"அம்மாவுக்குப் பிரஷரா?"

"மூணு வருஷமா இருக்கேப்பா."

"என்கிட்ட சொல்லலியே."

"சொல்லியிருக்காங்க" என்றாள்.

சீட்டு சமையலறை அலமாரியில் கடுகு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. பெயரைப் படித்துச் சொன்னேன்.

நவம்பர் 19, புதன்

ஒன்பதாம் அத்தியாயம். நாவலில் ஆகச் சிறந்த இடம் இது. இதுவரை போட்டிக்கு வந்த எதிலும் இப்படி ஒன்றைப் படித்ததில்லை.

பன்னிரண்டாவது வருடத் தேர்வு. மித்ரா அறைக்குள் போகிறாள். நாற்பது கேள்விக்கும் அவளுக்குப் பதில் தெரியும். ஆதனுக்குப் பிடித்த நிறம், அவன் அம்மா இறந்த கிழமை, வலது காலில் எந்த விரல் வளைந்திருக்கிறது, எல்லாம் தெரியும். ஒவ்வொரு கேள்விக்கும் சரியான பதிலை மனதுக்குள் சொல்லிக்கொண்டு, தாளில் தப்பாக எழுதுகிறாள். நிறுத்தி நிதானமாக, அழகான கையெழுத்தில். நாற்பதும் முடிந்ததும் பேனாவை மூடிவைத்துவிட்டுத் தண்ணீர் கேட்கிறாள்.

ஏன் அப்படிச் செய்தாள் என்று ஒரு வரி கூட இல்லை. அதைக் குறை என்று எழுதப் போனேன். எழுதவில்லை. நாளை பார்த்துக்கொள்ளலாம்.

நவம்பர் 23, ஞாயிறு

ஒன்பதோடு உச்சம் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு வழக்கமான சரிவு. மித்ரா நான்காம் நகரத்துக்கு அனுப்பப்படுகிறாள். அங்கே வியன் என்று ஒரு குமாஸ்தா. இவனுக்கு வியர்ப்பதில்லை, பசிப்பதில்லை, எந்நேரமும் அவளுக்காகக் காத்திருக்கிறான். அவள் சொல்வதற்கு முன்பே அவள் மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறான். இப்படி ஒருவன் உலகத்தில் கிடையாது. யாரைப் பார்த்து எழுதியிருக்க முடியும் என்று யோசித்துப் பார்த்தேன். ஓசூரில் எனக்குத் தெரிந்து அப்படி யாரும் இல்லை.

புரட்சி மூன்று பக்கத்தில் நடந்து முடிகிறது. அரசாங்கம் விழுகிறது. வியன் சாகிறான். அவனைக் கொன்றது கதையின் வசதிக்காக. இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

நவம்பர் 24, திங்கள்

கடைசி அத்தியாயம். மித்ரா திரும்பி வருகிறாள்.

நல்ல மழை. ஆதன் அதே வீட்டில் தனியாக இருக்கிறான். கதவு தட்டப்படுகிறது. திறக்கிறான், நிற்கிறாள். அவ்வளவுதான். முற்றும்.

விமர்சகனாகச் சொன்னால் இது மோசமான முடிவு. அவள் போவதற்கு நாவல் முழுக்கக் காரணம் இருக்கிறது, வருவதற்கு ஒன்றுகூட இல்லை. வேறு எந்த எண்ணாக இருந்தாலும் இந்த இடத்தில் பத்து மதிப்பெண் குறைத்திருப்பேன்.

ஆனால் ஒருவர் மனதில் எதை விரும்புகிறாரோ அதைத்தான் எழுதுவார். ஒரு பெண் உட்கார்ந்து இத்தனை பக்கம் எழுதி, கடைசியில் திரும்பி வருவதாக முடிக்கிறாள் என்றால், அதை இலக்கணத்தை வைத்து மட்டும் அளக்கக் கூடாது.

எண்பத்திரண்டு போட்டேன். நான்கு வருடத்தில் நான் எதற்கும் எழுபதைத் தாண்டியதில்லை.

நவம்பர் 26, புதன்

விதிப்படி நான் விலகிக்கொள்ள வேண்டுமா என்று யோசித்தேன். ஆதாரம் எதுவும் இல்லை. வெறும் சந்தேகத்தின் பேரில் விலகினால் மற்ற இருவருக்கும் சிரமம்.

சமையலறைக் குழாய் ஒரு வருடமாக ஒழுகுகிறது. பிளம்பரை வரவழைத்துச் சரிசெய்தேன்.

நவம்பர் 29, சனி

இரண்டு நாளாக மழை. யாரும் வரவில்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

டிசம்பர் 2, செவ்வாய்

சமையலறைக்கு வெள்ளையடிக்க ஆள் வந்தார்கள். என்ன கலர் என்று கேட்டார்கள். சுலோசனாவுக்கு என்ன கலர் பிடிக்கும் என்று எழிலிடம் கேட்கலாம் என்று போனை எடுத்தேன். பிறகு இளம்பச்சை என்று நானே சொல்லிவிட்டேன்.

மெஸ் அம்மாள் சாம்பார் எப்படி என்று கேட்டார். "பரவாயில்லை" என்றேன். வாசல்வரை போய்த் திரும்பிவந்து, "நல்லாவே இருந்துச்சு" என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். ஏதோ கடன் கேட்கப் போகிறேன் என்று நினைத்திருப்பார்.

டிசம்பர் 7, ஞாயிறு

சுலோசனாவிடம் நானே பேசினேன். பேரன் தவழ்கிறானாம்.

"ஏதாச்சும் எழுதுறியா?"

"எழுதுறதா? என்னத்த?"

"கதை கிதை."

"என்ன திடீர்னு" என்றாள். பிறகு, "இங்க தைக்கிறதுக்கே நேரம் சரியா இருக்கு. அக்கம்பக்கத்துல எல்லாரும் பிளவுஸ் கொண்டுவந்து குடுக்குறாங்க" என்றாள்.

போட்டியில் கலந்துகொள்பவர் நடுவரிடம் சொல்லக் கூடாது என்பது விதி. அவள் விதியை மதிக்கிறவள். மேற்கொண்டு துருவவில்லை. சமையலறைக்கு வெள்ளையடித்ததைச் சொன்னேன். "அப்படியா" என்றாள்.

டிசம்பர் 13, சனி

நடுவர் கூட்டம். புத்தூரில் அறக்கட்டளை அறையில். பேராசிரியர் ரெஜினா, புத்தகக்கடை காஜா மைதீன், நான். பொன்னம்பலம் வடையும் காபியும் வரவழைத்திருந்தார்.

காஜா மைதீன் ஒரு சோழர் காலத்தைத் தூக்கிப் பிடித்தார். ரெஜினா பதினேழாம் எண்ணுக்கு எழுபத்தைந்து போட்டிருந்தார். என் எண்பத்திரண்டைப் பார்த்ததும் இருவரும் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள், எண் மாறிவிட்டதோ என்று.

"எல்லாம் சரி சார், அந்த முடிவு?" என்றார் ரெஜினா. "எதுக்கு அந்தப் பொண்ணு திரும்பிப் போவுது? மழை பெஞ்சா போயிடறதா?"

"மனுஷ மனசுக்கு எப்பவும் காரணம் இருக்கணும்னு இல்லீங்க" என்றேன்.

காஜா மைதீன் வடையைக் கீழே வைத்தார். "நீங்களா சார் இதைச் சொல்றீங்க? போன வருஷம் ஒரு கதாநாயகி காரணமில்லாம சிரிச்சான்னு அஞ்சு மார்க் கொறச்சீங்களே."

"அது வேற சிரிப்பு" என்றேன்.

நன்றாகவே வாதாடினேன் என்று நினைக்கிறேன். அந்தத் திரும்பிவருதலில் ஒரு மௌனமான மன்னிப்பு இருக்கிறது, பெண்மனம் சொல்லாமல் சொல்லும் ஒன்று இருக்கிறது என்றெல்லாம் பேசினேன். யாராவது எழுதிக்கொண்டு வந்திருந்தால் நானே சிவப்பு மையில் அடித்திருப்பேன். கடைசியில் பதினேழுக்கே பரிசு என்று முடிவானது.

கிளம்பும்போது ரெஜினா சிரித்துக்கொண்டே, "அந்த ஆதன் இருக்கானே, அச்சு அசலா எங்க வீட்டுக்காரர்தான். பத்திரிகை வந்தா பிழை பாக்கிறதுலேர்ந்து எல்லாம். எங்க வீட்டு ஜன்னல்ல நின்னு பாத்து எழுதின மாதிரி இருக்கு" என்றார்.

"எங்க அத்தா அப்படித்தான்" என்றார் காஜா மைதீன். "அம்மா ஹஜ்ஜுக்குப் போயிட்டு வந்தப்பகூட, ஏர்போர்ட்ல பத்தடி முன்னாடிதான் நடந்தாரு."

எல்லோரும் சிரித்தோம்.

டிசம்பர் 14, ஞாயிறு

ரெஜினாவின் கணவர் ஒரு கல்லூரி முதல்வர். அவரும் நானும் ஒரே மாதிரி என்று சொல்வதற்கில்லை.

பெயர் இருக்கும் உறையைச் செவ்வாய்க்குப் பிறகுதான் பிரிப்பார்கள். புது மெத்தை உறை இரண்டு வாங்கினேன்.

டிசம்பர் 18, வியாழன்

பொன்னம்பலம் போன் செய்தார். பதினேழாம் எண் பெரம்பலூர்ப் பையனாம். ராஜகணபதி. இருபத்தாறு வயது. செல்போன் கடையில் வேலை. கல்யாணம் ஆகவில்லை.

பெயரைத் தாளில் எழுதி, எழுத்துப்பிழை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து அவர் ஹலோ ஹலோ என்றார். அறக்கட்டளையே நாவலை அச்சிடுகிறது, தை மாதம் வெளியீடு, அதற்குள் ஒருமுறை செம்மைப்படுத்தித் தர வேண்டும் என்றார். பையனின் எண்ணைக் கொடுத்தார்.

சாயங்காலம் அவனிடம் பேசினேன். மரியாதையான பையன். நான் கேட்டது இரண்டே கேள்வி.

"ஆதன் யாரு தம்பி? யாரையாச்சும் பாத்து எழுதினீங்களா?"

"யாருன்னு தனியா இல்ல சார். எங்க பெரியப்பா, எங்க ஸ்கூல் ஹெட்மாஸ்டர், கடைக்கு வர்ற கஸ்டமருங்க... எல்லாரும் ஒரே மாதிரிதானே சார் இருக்காங்க."

"சரி. மித்ரா ஏன் திரும்பி வர்றா?"

கொஞ்சம் தயங்கினான். "உண்மையைச் சொன்னா, நான் மொதல்ல அவ வர்ற மாதிரி எழுதல சார். நான்காம் நகரத்துலேயே முடிஞ்சிடும். ஃபிரெண்ட்ஸுங்கதான், லவ் ஸ்டோரின்னா கடைசில சேரணும், இல்லன்னா எவன் படிப்பான்னு சொன்னானுங்க. அதான் வியனையும் சாகடிச்சு, கொரியர் அனுப்புறதுக்கு மொத நாள் கடைசி அத்தியாயத்த எழுதிச் சேர்த்தேன். உங்களுக்குத்தான் அது ரொம்பப் பிடிச்சிருந்துச்சுன்னு செயலாளர் சார் சொன்னாரு. ரொம்ப தேங்க்ஸ் சார்."

பரவாயில்லை என்றேன்.

டிசம்பர் 20, சனி

ஒன்றும் எழுதுவதற்கில்லை.

டிசம்பர் 21, ஞாயிறு

காலை பதினொரு மணிவாக்கில் சுலோசனாவுக்குப் போன் செய்தேன். பேரன் தூங்குகிறான், பூண்டு உரித்துக்கொண்டிருக்கிறேன் என்றாள். போட்டி முடிந்துவிட்டது என்றேன்.

"எந்தக் கதைக்குக் குடுத்தீங்க?"

கதையைச் சொன்னேன். முப்பத்து நான்கு வருடத்தில் அவளுக்கு நான் ஒரு கதையை முழுதாகச் சொன்னது இதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன். டியூஷன் சென்டரைச் சொன்னபோது சிரித்தாள். நன்றாகச் சிரித்தாள். ஆதனைப் பற்றிச் சொன்னபோது சிரிப்பு நின்றது. நான் எதையும் விடவில்லை. மச்சத்தையும் சொன்னேன்.

ஒன்பதாம் அத்தியாயத்துக்கு வந்தபோது பூண்டு உரிக்கும் சத்தமும் நின்றுவிட்டது.

"நாப்பதுமே தப்பா எழுதினாளா?"

"ஆமா. ஏன்னு காரணம் சொல்லல. கதையோட பலவீனம் அது."

"இல்லீங்க. எனக்குப் புரியுது."

கடைசி அத்தியாயத்தையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "அவ வர்றதுக்கு அந்தாளு என்ன செஞ்சான்?" என்றாள்.

"கதவைத் திறந்தான்."

"அது யாரு தட்டினாலும் திறக்கிறதுதானே. அதுக்கு முன்னாடி?"

கைப்பிரதி மடியில்தான் இருந்தது. புரட்டிப் பார்த்தேன். "ஒண்ணும் செய்யல" என்றேன்.

"நீங்க எத்தனை மார்க் போட்டீங்க?"

"எண்பத்திரண்டு."

"நீங்களா?" என்றாள். "அந்த முடிவுக்கு அப்புறமுமா?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். "நீ எழுதினதுன்னு நெனச்சேன்."

அந்தப் பக்கம் மிக்சி ஓடும் சத்தம் கேட்டது. நின்றது. பூண்டு உரிக்கும் சத்தம் மறுபடி கேட்டது.

"நான் எழுதியிருந்தா அவ திரும்பி வந்திருக்க மாட்டா" என்றாள்.

கோபமாகச் சொல்லவில்லை. விலாசம் கேட்டவருக்குத் தெருப்பெயர் சொல்வதுபோல் சொன்னாள். பேரன் எழுந்துவிட்டான் போலிருக்கிறது. "பொங்கலுக்குப் பேரனைப் பாக்க வாங்க, ரெண்டு நாள் இருந்துட்டுப் போங்க" என்றாள். சரி என்றேன். வைத்துவிட்டாள்.

எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. அதை இங்கே எழுதிவைப்பதில் தப்பில்லை.

மத்தியானம் சாப்பிடவில்லை.

டிசம்பர் 22, திங்கள்

'இணக்கச் சான்று' அச்சுக்கு. காலையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

கண் வர்ணனைகளில் பெரும்பாலானவற்றை நீக்கினேன். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று இரண்டு பத்தி எழுதித் தரச் சொல்ல வேண்டும். டியூஷன் சென்டர் இன்னும் கொஞ்சம் வரலாம். ஆதனைப் பற்றி நான் முன்பு எழுதிவைத்த குறையை எடுத்துவிட்டேன். பாத்திரம் சரியாகத்தான் இருக்கிறது. ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு எழுத்தைக்கூடத் தொடவில்லை.

பிறகு ராஜகணபதிக்குப் போன் செய்து, கடைசி அத்தியாயத்தை எடுத்துவிடலாம் என்றேன். வியனும் சாக வேண்டியதில்லை.

பையன் பதறிவிட்டான். "சார், அதுக்காகத்தானே நீங்க கூட்டத்துல அவ்வளவு பேசினீங்க?"

"பேசினேன். அது தப்பு."

"அவ வரலேன்னா லவ் ஸ்டோரியா இருக்காதே சார்."

"அவ போனதுக்கு அவகிட்ட நாப்பது காரணம் இருக்கு தம்பி. வர்றதுக்கு ஒண்ணு கூட நீங்க குடுக்கல. அந்தாளும் குடுக்கல" என்றேன். சொல்லிவிட்டு இரண்டு முறை இருமினேன். வெள்ளையடித்த வாசனை ஒத்துக்கொள்ளவில்லை என்று அவனிடம் சொல்லி வைத்தேன்.

யோசித்துவிட்டு, "சரி சார், எடுத்துடுங்க" என்றான். அவன் குரலிலும் ஒரு நிம்மதி இருந்தது.

சிவப்புப் பேனாவால் அந்தப் பக்கங்களைக் குறுக்கே அடித்தேன். முதலில் மழை, பிறகு கதவு, பிறகு அவள் நிற்பது. வியன் சாகும் பக்கத்தையும் அடித்தேன். மித்ரா இப்போது நான்காம் நகரத்திலேயே இருந்துவிடுகிறாள்.